முதல் லோடுக்கு வைத்த பொட்டு

"சரக்குப் பெட்டி ஒன்றின் பக்கவாட்டில் அடையாளம் தெரியாத சிவப்புப் பொருள் ஒட்டியிருக்கிறது. அது என்ன, எங்கிருந்து வந்தது என்று தெரியும்வரை சரக்கு முழுவதையும் தனியே நிறுத்தி வைத்திருக்கிறோம். படம் இணைப்பில் உள்ளது."

மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், மதியச் சாப்பாடு முடிந்து இருக்கைக்குத் திரும்பியபோது வந்திருந்த மின்னஞ்சல் இது. மூலம் ஆங்கிலம், தமிழில் தந்திருப்பது நான். தேதியும் ஆண்டும் என்னிடம் இருக்கின்றன. அவற்றை எழுதினால் எந்த நிறுவனம், எந்த நாடு என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் மாதமும் கிழமையும் மட்டும் தருகிறேன். பெயர் யாருக்கும் கிடையாது. நினைவை மட்டும் நம்பி எழுதும் இடங்களில் அதையும் சொல்லிவிடுகிறேன்.

அனுப்பியவர் கிழக்கு ஆப்பிரிக்க நாடு ஒன்றில் எங்கள் மருந்துகளின் விற்பனையைக் கவனிக்கும் மேலாளர். முன்பு அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்தவர். சரக்கு, வலிப்பு நோய்க்கான மாத்திரை. ஒரகடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஆலையில் செய்து, அங்கேயே பெட்டியில் அடைத்து, கண்டெய்னரில் ஏற்றி அனுப்பியது. அந்த நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு நாங்கள் அனுப்பிய முதல் லோடு அது.

அந்தச் சந்தைக்குப் பொறுப்பு நான். காஞ்சிபுரம் பக்கம் மெடிக்கல் ரெப்பாகத் தொடங்கி, டாக்டர் வீட்டு வாசல்களில் செருப்புகளை எண்ணிக்கொண்டு காத்திருந்து, பிறகு சென்னை அலுவலகம், பிறகு இந்த மாத்திரை ஒன்றுக்கு மட்டும் உலகளாவிய சந்தைப்படுத்தல் பொறுப்பு. இருக்கை ஆலை வளாகத்திலேயே. பொறுப்பைக் கொடுத்த கையோடு நிறுவனம் எனக்குத் தலைமைப் பயிற்சியும் ஏற்பாடு செய்தது. மாதம் இருமுறை திரையில் வெளிநாட்டுப் பயிற்சியாளர் ஒருவர் தோன்றுவார். நல்ல மனுஷி. நெருக்கடி வந்தால் தலைமையில் இருப்பவர் முதலில் வாய் திறக்க வேண்டும், தாமதித்தால் எதிராளி தன் கற்பனையில் இதைவிட மோசமான கதையைக் கட்டிக்கொள்வார் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. அதை ஒரு மஞ்சள் துண்டுத்தாளில் எழுதி கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டி வைத்திருந்தேன்.

படத்தைத் திறந்தேன். பழுப்பு அட்டைப்பெட்டி. அதன் கீழ்ப்பாதியில் விரல் அகலத்துக்குச் சிவப்பு, கொஞ்சம் இழுபட்டு.

பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. எட்டிப் பார்த்த பக்கத்து அறைக்காரருக்கும் தெரிந்துவிட்டது. ஆலைத் தலைவருக்கு அனுப்பினேன். அடுத்த நிமிடம் கூப்பிட்டார். "ஐயையோ மேடம், குங்குமம்!"

தை மாத வெள்ளிக்கிழமை காலையில் அந்த லோடு கிளம்பியது. முந்தின நாள் டிஸ்பாட்ச் சூப்பர்வைசர் என் அறைக்கு வந்து கதவோரம் நின்றிருந்தார். மண்ணூர்க்காரர். அவர் குடும்பம் பயிர் வைத்த இடத்தில் இப்போது கார் உதிரிபாகக் கிடங்கு நிற்கிறது. சரக்கு ஏற்றும் மேடையில் அவர் சொன்னால்தான் வண்டி நகரும். ஆனாலும் கழுத்தில் தொங்கியது மஞ்சள் கயிறு. எங்கள் ஆலையில் நிரந்தர ஊழியர்களின் அடையாள அட்டைக்கு நீலக் கயிறு, ஒப்பந்தக்காரர் மூலம் வருபவர்களுக்கு மஞ்சள். ஒப்பந்தக்காரர் மாறும்போதெல்லாம் அவர் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, புது ஆளாகப் பெயர் பதிந்து, புது எண்ணோடு உள்ளே வர வேண்டும். வேலை மட்டும் அதே வேலை.

"மேடம், புது ஊருக்கு ஃபர்ஸ்ட் லோடு. சும்மா அனுப்பக்கூடாது. சின்னதா ஒரு பூஜை போட்டுக்கினு அனுப்பலாமா?"

"ஆலைத் தலைவர் கிட்ட கேட்டீங்களா?"

"அவுரு உங்கள கேக்கச் சொன்னாரு. மார்க்கெட் உங்குளுதாமே."

சரி என்றேன். எப்போதும் நடப்பதுதான். உற்பத்திப் பகுதிக்குள் ஒரு துளி விபூதிகூட நுழைய முடியாது. சரக்கு ஏற்றும் மேடை வேறு. ஷட்டருக்கு வெளியே, லாரிக்கு முன்னால், எல்லாப் புது லோடுக்கும் கற்பூரம் எரிந்திருக்கிறது.

அன்றும் அப்படித்தான். தீயணைப்புப் பாதுகாப்பு அதிகாரி ஒரு கையில் சிவப்பு சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கற்பூரச் சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆலைத் தலைவர் ஷூவைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார். முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். பேக்கிங்கில் வேலை பார்க்கும் திருநெல்வேலிப் பெண்கள் ஷிப்டு மாறும் நேரமாதலால் கம்பி வேலியை ஒட்டி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"என்னண்ணே, பூசணிக்கா ஒடைக்கலியா? இம்புட்டுக் கஞ்சமா இருக்கிய?" என்று அவர்களில் ஒருத்தி கேட்டாள்.

"பூசணிக்கா ஒடச்சா ஆடிட்ல என்ன ஒடச்சிருவானுங்கம்மா, போ, பஸ்ஸ வுட்றப் போற" என்றார் சூப்பர்வைசர்.

எல்லோரும் சிரித்தோம். மண்ணூர் அம்மன் கோயில் குங்குமத்தை அவர் லாரி நெற்றியில் வைத்தார், கண்டெய்னர் கதவில் வைத்தார், கதவோரம் இருந்த கடைசி அடுக்கில் ஒரு பெட்டிக்கும் வைத்தார். பிறகு தட்டை எங்களிடம் நீட்டினார். நான் நெற்றியில் இட்டுக்கொண்டு, அத்தனை பேரையும் நிறுத்திப் படம் எடுத்து அலுவலகக் குழுவில் போட்டேன். கைகூப்பும் சின்னங்களாக வந்து விழுந்தன.

ஆகவே மாசி மாதச் செவ்வாயன்று யாருக்கும் சந்தேகம் இல்லை.

அன்று பிற்பகலே திரையில் கூட்டம். அந்தப் பக்கம் மேலாளரும், அந்த நாட்டு அரசுக் கொள்முதல் அமைப்பிலிருந்து இரண்டு அதிகாரிகளும். இந்தப் பக்கம் ஆலைத் தலைவரும் நானும். படத்தைத் திரையில் பெரிதாக்கி, இது என்னவாக இருக்கலாம் என்று அதிகாரிகளில் ஒருவர் கேட்டார். கேட்ட விதத்தில் கோபம் இல்லை. ஆலைத் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். நான் மஞ்சள் துண்டுத்தாளைப் பார்த்தேன்.

"இது குங்குமம். மஞ்சளிலிருந்து செய்வது. தீங்கு இல்லாதது. புதுக் காரியம் தொடங்கும்போது நல்லது நடக்கட்டும் என்று வைப்போம். இதோ" என்று கேமராவுக்கு அருகே குனிந்து என் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன்.

அந்தப் பக்கம் முகங்கள் மலர்ந்தன. அதிகாரி வெளிப்படையாகப் பேசியதற்கு நன்றி சொன்னார். எனக்குள் ஒரு நிறைவு எழுந்தது. பயிற்சியில் சொன்னது இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவர் தொடர்ந்தார். அப்படியானால் மருந்துச் சரக்கைக் கையாளும் இடத்தில் அனுமதியில்லாத தூள்பொருள் ஒன்று புழங்கியிருக்கிறது, அதை உற்பத்தியாளரே உறுதி செய்திருக்கிறார் என்று பதிவு செய்துகொள்கிறோம். யார் செய்தது, அவர்மேல் என்ன நடவடிக்கை, இனி நடக்காதிருக்க என்ன ஏற்பாடு என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். பதில் திருப்தியாக இருந்தால் சரக்கை விடுவிப்போம்.

திரை அணைந்தபின் ஆலைத் தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"டெஸ்ட் பண்ணிட்டு சொல்றோம்னு சொல்லியிருக்கலாம் மேடம்."

"டெஸ்ட் பண்ணாலும் குங்குமம்னுதானே சார் வரும்."

"அது சரி" என்றார்.

மறுநாள் சரக்கு மேடைப் பக்கம் போனேன். சூப்பர்வைசர் லாரி ஒன்றைப் பின்னுக்கு எடுக்கச் சொல்லிக் கையசைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே வந்தார்.

"இன்னா மேடம், நம்ம குங்குமம் ஃபாரின்ல மாட்டிக்கிச்சாமே?"

"யாரு சொன்னது?"

"கேன்டீன் பூரா அதான் பேச்சு. பாஸ்போர்ட் இல்லாம கப்பல் ஏறுனது மண்ணூர் அம்மன் ஒண்ணுதான்னு பசங்க ஓட்டிக்கினு கீறானுங்க." சிரிப்பு அடங்கிய பிறகு குரலைத் தணித்தார். "மேடம், ஒண்ணு கேக்கட்டா? ஏப்ரல் லிஸ்ட்ல என் பேரு கீதுன்னு ஹெச்.ஆர்.ல சொன்னாங்க. பர்மனென்ட். இதனால அது ஒண்ணும் ஆவாதில்ல?"

"ஒண்ணும் ஆகாது. நான் பாத்துக்கறேன்."

"வூட்ல சொல்லிட்டேன் மேடம். அதான் கேட்டேன்."

அந்த வாரம் முழுவதும் எனக்குப் பெரிய கவலை இல்லை. கவலை அடுத்த வாரம் திங்கட்கிழமை ஆலைத் தலைவர் அறையில் தொடங்கியது. விசாரணை அறிக்கையின் முதல் வடிவம் மேசைமேல் இருந்தது. "ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவர் விதிமுறை அறியாமல், தன்னிச்சையாக" என்று அதில் எழுதியிருந்தது.

"தன்னிச்சையாவா? நாம எல்லாரும் நின்னோமே சார். நான் படமே எடுத்தேன்."

"அந்தப் படத்தை டெலிட் பண்ணிடுங்க."

"குரூப்ல எல்லாருக்கும் போயாச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கெட்டவர் இல்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்து ஒரு ஆலையை ஒன்றுமில்லாததிலிருந்து எழுப்பியவர். "மேடம், மேனேஜ்மென்ட்டே நின்னு பூஜை பண்ணுச்சுன்னு எழுதினா, தப்பு ஆலையோடது. இந்த ஒரு நாடு மட்டும் கேக்காது. நீங்க பாக்கற அத்தனை நாடும் கேக்கும். ஆளுக்கொரு ஆடிட் வரும். லைன் நிக்கும். அந்த லைன்ல எத்தனை பொண்ணுங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். ஒரு ஆள் தெரியாம பண்ணிட்டாருன்னு எழுதினா, எல்லாருக்கும் ஒரு டிரெய்னிங், ஒரு கையெழுத்து, முடிஞ்சுது."

"அந்த ஆளும் முடிஞ்சுது."

"வேற வழி இருந்தா சொல்லுங்க. நான் கேக்கறேன். நீங்க குளோபல் ரோல்ல இருக்கீங்க, நீங்களே சொல்லுங்க."

அறிக்கையின் நகலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை, ஸ்ரீபெரும்புதூரில் என் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து நானே ஒரு வடிவம் எழுதினேன். சந்தைப் பொறுப்பாளர் என்ற முறையில் பூஜைக்கு ஒப்புதல் தந்தது நான் என்றும், ஆலையின் மூத்தவர்கள் முன்னிலையில் நடந்தது என்றும், சூப்பர்வைசர் வழக்கத்தைப் பின்பற்றினார் என்றும் எழுதினேன். ஒரே மூச்சில் எழுதி முடித்தேன்; அதைத் தைரியம் என்று அப்போது எண்ணிக்கொண்டேன். செவ்வாயன்று அது தலைமை அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது. என் பொறுப்பைச் சொன்ன வரிகள் மட்டும் அடிக்கப்பட்டிருந்தன. ஓரத்தில் ஒரு குறிப்பு: வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு நம் முகமாக இருப்பவரை அறிக்கையில் சேர்க்கக் கூடாது. திருத்தி மறுபடி அனுப்பினேன். மறுபடி அடித்து வந்தது. மூன்றாம் முறை அனுப்பியதற்குப் பதிலே வரவில்லை. தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு தன் கையெழுத்தோடு வேறொன்றைத் தயார் செய்துகொண்டிருக்கிறது என்று கேள்விப்பட்டேன்.

இதற்கு நடுவில் ஆப்பிரிக்க மேலாளரிடமிருந்து தினம் ஒரு செய்தி. முதலில் நயமாக எழுதினார். பிறகு நயம் போய்விட்டது. எங்கள் மாத்திரை வருகிறது என்று நம்பி அங்கே பழைய சப்ளையரை நிறுத்திவிட்டார்கள். கையிருப்பு தீர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு புதன்கிழமை அவர் அனுப்பியது அப்படியே நினைவில் இருக்கிறது: "என் பழைய மருந்தகத்துக்குப் போனேன். ஒரு தாய் மகளுக்குக் கொடுக்கும் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பதாகச் சொன்னார். இரண்டு வாரம் கூடுதலாக வருமாம். வலிப்பு மாத்திரையைப் பாதியாக்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் ஊரில் யார் பெயரை எழுத வேண்டுமோ, எழுதி அனுப்புங்கள்."

என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்த மாத்திரைக்கான துண்டுப்பிரசுரத்தில் "ஒரு வேளையும் தவறக்கூடாது" என்ற வரியைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னது நான்தான்.

அரசர்கள், தளபதிகள், தூதர்கள் எழுதிய நினைவுக் குறிப்புகளைத் தேடித் தேடிப் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. இக்கட்டான இடத்தில் அவர்கள் இரண்டு வழிகளை எடைபோட்டு ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தப் பக்கங்களில் நான் கோடு போட்டு, படித்த தேதியை எழுதி வைப்பேன். அந்த வாரம் அவற்றில் சிலவற்றை எடுத்துப் புரட்டினேன். ஒரு பக்கம் ஒரு பெண்குழந்தை, இன்னொரு பக்கம் ஒரு மஞ்சள் கயிறு, இரண்டையும் வேறு யாரோ பிடித்துக்கொண்டிருக்க, தலைமை என்ற பெயரை மட்டும் நான் வைத்துக்கொண்டிருந்த நிலைக்கு எந்தப் பக்கமும் உதவவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

திரையில் வந்த பயிற்சியாளரிடமும் கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்கள் கட்டுப்பாட்டில் இருப்பது எது, இல்லாதது எது என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதிப் பாருங்கள்" என்றார். எழுதினேன். முதல் பத்தியில் எழுத ஒன்றும் இல்லை.

அந்த நாட்களில் சூப்பர்வைசரைப் பார்ப்பதைத் தவிர்க்கச் சரக்கு மேடைப் பக்கமே போகாமல், பிரதான வாசலைச் சுற்றி வந்தேன். ஒருநாள் வாகனம் நிறுத்துமிடத்தில் எதிர்ப்பட்டுவிட்டார்.

"மேடம், ஹெச்.ஆர்.ல ஒரு பேப்பர்ல சைன் கேக்கறாங்க. 'எனக்கு ரூல் தெரியாது'ன்னு எழுதிக் கீது. போடட்டா?"

"போடாதீங்க."

"போடலைன்னா லிஸ்ட்ல கை வெப்பாங்களோன்னு..."

"நான் பேசிக்கிட்டிருக்கேன். கொஞ்சம் பொறுங்க."

"பேசுங்க மேடம். நீங்க பேசுனா கேப்பாங்க. இங்கிலீஷ்லயே பேசுங்க" என்று சிரித்தார். அதில் கிண்டல் இருந்ததா என்பது இப்போதும் எனக்குத் தெளிவில்லை.

அவர் கையெழுத்துப் போடவில்லை. நான் சொன்னதால்தான் போடவில்லை. போட்டிருந்தால் ஒரு எச்சரிக்கையோடு விட்டிருப்பார்கள் என்று பின்னால் சிலர் சொன்னார்கள். போட்டிருந்தாலும் இதே முடிவுதான் என்று வேறு சிலர் சொன்னார்கள்.

பங்குனி மாத வியாழக்கிழமை பிற்பகல் இறுதிக் கூட்டம். அறிக்கையை நான்தான் வாசிக்க வேண்டும் என்று தலைமை அலுவலகம் சொல்லியிருந்தது; அவர்களுக்கு என் குரல் பழக்கம், நம்பிக்கை வரும் என்றார்கள். அறிக்கையில் சூப்பர்வைசரின் பதவிப்பெயர் நாலைந்து இடங்களில் இருந்தது. பூஜை என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. "அங்கீகரிக்கப்படாத தனிநபர் செயல்" என்று இருந்தது. அதை வாசித்தேன். என் குரலில் பிசிறு இல்லை என்று பின்னால் ஆலைத் தலைவர் பாராட்டினார்.

வாசித்து முடித்தபின், தாளில் இல்லாததை ஒன்று சேர்த்துச் சொன்னேன். "அது நடந்தபோது நானும் அங்கே இருந்தேன். நான் சரி என்று சொன்னதால்தான் நடந்தது. நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம்."

எங்கோ ஒரு மைக்கில் மின்விசிறியின் ஓசை மட்டும் கேட்டது. நான் காத்திருந்தேன். என்னைக் கேட்பார்கள், விவரம் கேட்பார்கள், இத்தனை நாள் அடித்து வந்த வரிகளை வாயால் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன்.

"குறித்துக்கொண்டோம்" என்றார் கொள்முதல் அதிகாரி. "சம்பந்தப்பட்ட நபர் பணியிலிருந்து நீக்கப்பட்டுவிட்டாரா?"

"நீக்கியாயிற்று. இன்று காலையிலிருந்து" என்றார் ஆலைத் தலைவர்.

எனக்கு அது அப்போதுதான் தெரியும்.

"நன்றி. சரக்கை விடுவிக்கிறோம்."

திரையின் மூலையில் ஆப்பிரிக்க மேலாளர் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுதாரா, களைப்பா என்று தெரியவில்லை. திரை அணைந்தது.

ஆலைத் தலைவரிடம் எதுவும் கேட்காமல் வெளியே நடந்தேன். வாசலுக்கு எதிரே, சாலையைக் கடந்தால் ஒரு டீக்கடை. கண்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்ததால் கடக்க நேரமாயிற்று. லாரிகளுக்கு இடையில் அவரைப் பார்த்தேன். டீக்கடை பெஞ்சில், மஞ்சள் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"காலைல கார்டு வெச்சேன். செவப்பு லைட்டு எரிஞ்சிச்சு, கதவு தொறக்கல. செக்யூரிட்டி நம்மூரு ஆளுதான். தலையக் குனிஞ்சிக்கினான்" என்றார். காலையிலிருந்து அங்கேதான் இருக்கிறாராம்.

"எனக்கு ஏன் போன் பண்ணலை?"

"இன்னிக்கித்தான் மீட்டிங்னு சொன்னாங்க. நீங்க பேசப் போறீங்க, நடுவுல பூந்து கெடுக்க வேணாம்னு பாத்தேன்." என் முகத்தைப் பார்த்தார். "பேசிட்டீங்களா?"

நான் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தேன். அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. எழுந்து நின்றார்.

"போட்டோல எத்தினி பேரு மேடம்? நான் ஒருத்தன்தானா நின்னேன்? கற்பூரத்தத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினது யாரு? அந்த ஃபயர் சேஃப்டி ஆளு கைய நெருப்புல வெச்ச வேகத்துக்கு வெந்திருக்கணும், அவ்ளோ பக்தி. இப்ப நான் தனியா பண்ணேனா?" குரல் உயர்ந்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "எல்லாம் பெரிய படிப்பு. நாடு நாடா பேசறீங்க. கேட்டுக்கு அந்தாண்ட இருந்து இந்தாண்ட ஒரு வார்த்த வரல."

"நான் சொன்னேங்க. நானும் இருந்தேன்னு சொன்னேன்."

"சொல்லி?"

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவர் பார்வை என் கழுத்துக்குப் போய், அங்கே தொங்கிய நீலக் கயிற்றில் நின்றது.

"உங்கள ஒண்ணும் சொல்லல மேடம். நீங்க இன்னா பண்ணுவீங்க" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மஞ்சள் கயிற்றைச் சுருட்டிப் பெஞ்சுமேல் வைத்தார். "இத உள்ள குடுத்துருங்க. இல்லைன்னா அதுக்கு வேற தனியா கேப்பானுங்க."

கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அதன்பின் அவர் என் அழைப்பை எடுக்கவில்லை. தெரிந்த ஒப்பந்தக்காரர்கள் இருவரிடம் அவருக்கு வேலை கேட்டு வைத்தேன்; ஏற்கனவே செய்தி பரவியிருந்தது, "சாமி பிரச்சினை பண்ண ஆளா?" என்று கேட்டார்கள். சித்திரை மாதம், ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் அவர் மனைவியைப் பார்த்தேன். போன் தயாரிக்கும் ஆலையில் வேலை. சீருடையோடு காய்கறி வாங்கிக்கொண்டிருந்தார். "அவுருக்கு உங்க மேல கோவம் இல்லக்கா. போன எடுக்க மாட்டாரு, அவ்ளோதான்" என்றார். மறைமலை நகரில் ஒரு கிடங்கில் இருக்கிறார் என்றும், அங்கேயும் மஞ்சள்தான் என்றும் சொன்னார். அந்தக் கிடங்கில் அடையாளக் கயிற்றுக்கு நிறம் உண்டா என்று நான் கேட்கவில்லை.

ஆண்டு மதிப்பீட்டில் எனக்கு மேல்நிலை கிடைத்தது. நெருக்கடியில் முன்னால் நின்றார், மறைக்காமல் பேசினார் என்று எழுதியிருந்தார்கள். இன்னும் சில நாடுகள் என் பொறுப்பில் சேர்ந்தன. பயிற்சியாளர் என் கதையை, பெயரில்லாமல், மற்றவர்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்ல அனுமதி கேட்டார். முடியாது என்றேன். காரணம் கேட்டார். சொல்லத் தொடங்கி, பாதியில் இணைப்பைத் துண்டித்தேன்.

ஆவணி மாதம் ஆப்பிரிக்க மேலாளர் முதன்முறையாக ஒரகடம் வந்தார். உயரமானவர், மெல்லிய குரல். அந்தப் பெண்குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். மாத்திரை போய்ச் சேர்ந்தது, அதற்குப்பின் அந்தத் தாயைத் தான் பார்க்கவில்லை என்றார். சரக்கு மேடையில் புது ஆள் ஒருவர் கையசைத்துக்கொண்டிருந்தார். சுவரில் புது அறிவிப்புப் பலகை. இவ்வளவு பாடுபடுத்திய அந்தப் பொருளைப் பார்க்க வேண்டும் என்று விருந்தாளி விரும்பினார். என் கைப்பையில் இருந்த பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினேன். ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுவா?" என்றார். "நான் பெட்டியில் பார்த்தது இதைவிடப் பழுப்பாக இருந்ததாக நினைவு. எங்கள் துறைமுகத்தில் சோதித்த பெட்டிகளுக்குச் சிவப்புச் சுண்ணக்கட்டியால் கோடு போடுவார்கள். முற்றத்து மண்ணும் சிவப்புதான். ஆனால் நீங்கள் அன்று அவ்வளவு உறுதியாகச் சொன்னீர்கள்." சற்று நேரம் கழித்து, "நிறத்தை நான் தப்பாக நினைவு வைத்திருக்கலாம்" என்றும் சொன்னார்.

அவர் போனபிறகு தை மாதத்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெட்டிகள் அடுக்கோடு பாலிதீன் உறையால் சுற்றப்பட்டிருக்கின்றன. பொட்டு பெட்டியின் மேல்பாதியில் இருக்கிறது. அங்கிருந்து வந்த படத்தில் கறை கீழ்ப்பாதியில். ஆனால் பெட்டியைத் தலைகீழாக வைத்திருக்கலாம். பொட்டு உறைமேல் இருந்ததா, உறை கிழிந்த இடத்தில் அட்டைமேல் இருந்ததா என்பதைப் பார்க்க விடாமல் வெளிச்சம் அந்த இடத்தில் பட்டுத் தெறிக்கிறது. இரண்டு படத்திலும் பெட்டி எண் தெரியவில்லை.

கொள்முதல் அமைப்புக்கு எழுதிக் கேட்டேன். புரட்டாசியில் பதில் வந்தது. அந்தப் பெட்டி சரக்கு விடுவிக்கப்பட்ட பிறகு அழிக்கப்பட்டுவிட்டது. கறையிலிருந்து மாதிரி எடுக்கவில்லை. அது என்ன என்பதை உற்பத்தியாளரே தெரிவித்துவிட்டதால் பரிசோதனை தேவைப்படவில்லை.

அது குங்குமம்தானா என்பது சரிபார்க்கப்படவில்லை.